ஆல்பாத் துகள் உள்ளே இருந்ததா? செறிந்த அணுக்கருப் பொருளில் கொத்தும் திரளும்: தமிழ் அறிவியல் உரைநடை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கதிரியக்கத் தனிமத்தின் அணுக்கரு ஆல்பாத் துகளை உமிழ்கிறது என்று தமிழில் எழுதுகிறோம். உமிழப்படும் பொருள் முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் அவ்வினை உடன் கொண்டுவருகிறது. இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் ஆல்பாவாக ஒன்றுசேர்வது சூழலின் அடர்த்தியைப் பொறுத்தது என்பது இன்றைய அணுக்கரு இயற்பியலின் முடிபு. அடர்த்தி குறைந்த இடத்தில் அச்சேர்க்கை தோன்றும். மிகுந்த இடத்தில் கரையும். இம்முடிபைத் தமிழ் அறிவியல் உரைநடையின் வினைகளும் படிமங்களும் கலைச்சொற்களும் எவ்வளவு தாங்குகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மாமல்லபுரம், கல்பாக்கம் கடற்கரையின் தோரிய மணலும் அதன் சிதைவுத் தொடரில் தோன்றும் பொலோனியம்-212 அணுக்கருவும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. 'கொத்து', 'திரள்' ஆகிய இரு சொற்களுக்கும் தனித்தனி எல்லை வகுத்தல் வேண்டும் என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: ஆல்பாத் துகள், அணுக்கருப் பொருள், அடர்த்தி, திரள்வு, கலைச்சொல்லாக்கம், கல்பாக்கம், பொலோனியம்-212

முன்னுரை

தமிழில் அணுக்கரு அறிவியலை எழுதும் முயற்சிக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியமும், ந. சுப்பு ரெட்டியாரின் 'அணுக்கரு பௌதிகம்' போன்ற நூல்களும் இத்துறைக்குத் தமிழில் இடம் அமைத்துத் தந்தன. பௌதிகம் பின்னர் இயற்பியல் ஆயிற்று. அணுக்கரு, பிணைப்பு ஆற்றல், அரை ஆயுட்காலம், சிதைவு போன்ற சொற்கள் இன்று பள்ளி மாணவருக்கும் பழகியவை. ஆகவே சொற்பஞ்சம் இன்றைய சிக்கல் அன்று. இருக்கும் சொற்கள் எவ்வகை விளக்கத்தைத் தூண்டுகின்றன, எதை மறைக்கின்றன என்பதே இன்று கேட்கத்தக்க வினாவாகும்.

அவ்வினாவைச் சோதிக்க ஆல்பாத் துகள் ஏற்றதொரு பொருள். கதிரியக்கப் பாடத்தில் முதலில் அறிமுகமாவது அதுவே. 1899இல் ரூதர்ஃபோர்டு அதற்குப் பெயரிட்டார். 1908இல் அவரும் ராய்ட்ஸும் அது ஹீலியமே என்று நிறுவினர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறியப்பட்ட இத்துகளைப் பற்றிய ஓர் எளிய வினா இன்றும் ஆய்வாளரை ஈர்க்கிறது: வெளியே வந்த ஆல்பா, வருவதற்கு முன் உள்ளே ஆல்பாவாகவே இருந்ததா?

1. ஒரு வினை, மூன்று நிகழ்வுகள்

ஆல்பா, பீட்டா, காமா ஆகிய மூன்றுக்கும் நாம் உமிழ்தல் என்னும் ஒரே வினையைப் பயன்படுத்துகிறோம். வாயில் உள்ளதை வெளியே தள்ளுவதே உமிழ்தலின் பொருள். உள்ளே இல்லாததை உமிழ இயலாது. ஆயின் மூன்று கதிர்வீச்சுகளிலும் நிகழ்வது ஒன்றன்று.

காமாக் கதிரின் ஒளித்துகள் அணுக்கருவினுள் முன்பு இருந்ததன்று. அணுக்கரு உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்கு வரும்போது அது பிறக்கிறது. பீட்டாச் சிதைவில் வரும் எலக்ட்ரானும் அத்தகையதே. நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது அது தோன்றுகிறது. ஆல்பாவின் நிலை வேறு. அதன் உறுப்புகளாகிய நான்கு நியூக்ளியான்களும் முன்பே உள்ளே இருந்தவை. ஆனால் அந்நான்கும் ஆல்பா என்னும் ஒருமையாக இருந்தனவா என்பது தனி வினா. முழுவதும் புதிதாகப் பிறப்பது, உறுப்புகள் இருந்து வடிவம் பின் அமைவது என்னும் இரு வேறு நிகழ்வுகளை ஒரே வினை சமன்செய்துவிடுகிறது.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்க இயலாது. 'வெளியே வந்தது உள்ளே இருந்திருக்க வேண்டும்' என்னும் ஊகம் இயற்பியலாரையே ஒருகாலத்தில் தவறான வழியில் செலுத்தியது. பீட்டாக் கதிராக எலக்ட்ரான் வருவதைக் கண்டு, அணுக்கரு புரோட்டான்களாலும் எலக்ட்ரான்களாலும் ஆனது என்று 1920களில் பரவலாகக் கருதினர். 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பின்னரும், 1934இல் ஃபெர்மி பீட்டாச் சிதைவுக் கோட்பாட்டை வகுத்த பின்னருமே அக்கருத்து முற்றிலும் விலகியது. அறிவியல் தானே கடந்து வந்த ஊகத்தை நம் வினைச்சொல் மாணவரிடம் மீண்டும் கொண்டுசேர்க்கலாகாது.

2. பாடநூல் கேட்ட நல்ல வினா

தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் பாடநூல் பாராட்டத்தக்க ஒரு வினாவை எழுப்புகிறது. நிலையற்ற அணுக்கரு ஏன் ஹீலியம் அணுக்கருவை வெளியிடுகிறது, ஏன் நான்கு நியூக்ளியான்களைத் தனித்தனியாக வெளியிடுவதில்லை என்பதே அது. விடை ஆற்றல் கணக்கில் அமைகிறது. யுரேனியம்-238 ஓர் ஆல்பாத் துகளை இழந்து தோரியம்-234 ஆகும்போது ஏறத்தாழ 4.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. அதே நான்கு நியூக்ளியான்களும் தனித்தனியே வெளியேற வேண்டுமாயின் ஏறத்தாழ 24 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். ஆகவே அது தானாக நிகழாது.

இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 28.3 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதுவே ஹீலியம்-4 அணுக்கருவின் பிணைப்பு ஆற்றல். நியூக்ளியான் ஒன்றுக்கு ஏறத்தாழ 7.07 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பது மிக இலேசான அணுக்கருக்களிடையே தனித்து உயர்ந்த அளவு. அதனை அதன் முதல் கிளர்வுநிலைக்கு உயர்த்தவே 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். இத்தகைய உறுதியால்தான் ஆல்பாவை ஓர் அலகாக எண்ணத் தோன்றுகிறது.

எனினும் பாடநூலின் விடை பாதி வழியில் நின்றுவிடுகிறது. நான்கும் உதிரியாக ஏன் வெளியேறவில்லை என்பதை ஆற்றல் கணக்கு சொல்கிறது. அவை எங்கே, எந்த நிலையில் ஒன்றாயின என்பதை அது சொல்வதில்லை. தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிடும் கணக்கு இடையில் நிகழ்ந்ததற்குச் சான்றாகாது. மாணவர் அவ்விடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். நிரப்ப அவருக்குக் கிடைக்கும் கருவி உமிழ்தல் என்னும் வினையே.

3. கற்றளியும் ஒற்றைக்கல் தளியும்

அணுக்கருவைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் இரு படிமங்களுள் ஒன்றைச் சார்ந்து நிற்கின்றன. அவ்விரண்டையும் புரிந்துகொள்ள மாமல்லபுரம் துணைசெய்யும். அங்குள்ள ஐந்து இரதங்கள் பாறையையே செதுக்கி ஆக்கப்பட்ட ஒற்றைக்கல் தளிகள். கடற்கரைக் கோயில் வெட்டியெடுத்த கற்களை அடுக்கிக் கட்டிய கற்றளி. முன்னதில் உறுப்புகளுக்குத் தனியிருப்பு இல்லை; பின்னதில் கட்டடத்துக்கு முன்பே கல் உண்டு.

அணுக்கருவைச் சீரான, பிரிவற்ற ஒரே பொருளாகக் காண்பது முதல் படிமம். திரவத்துளி மாதிரி அதற்கு நெருங்கியது. ஆல்பாக்களை அடுக்கிக் கட்டியதாகக் காண்பது இரண்டாவது. இதனை 1938இல் ஹாஃப்ஸ்டாட், டெல்லர் ஆகிய இருவரும் எண்ணளவில் சோதித்தனர். கார்பன்-12ஐ மூன்று ஆல்பாக்கள் அமைந்த முக்கோணமாகக் கொண்டால் அவற்றுக்கிடையே மூன்று பிணைப்புகள் உண்டு. ஆக்சிஜன்-16ஐ நான்கு ஆல்பாக்கள் அமைந்த நான்முகியாகக் கொண்டால் ஆறு பிணைப்புகள் உண்டு. தனித்தனி ஆல்பாக்களைவிடக் கார்பன்-12 மிகுதியாகப் பெற்றுள்ள பிணைப்பு ஆற்றல் 7.27 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஆக்சிஜன்-16க்கு அது 14.44. இரண்டையும் பிணைப்பு எண்ணிக்கையால் வகுத்தால் ஏறத்தாழ 2.4 என்னும் ஒரே அளவு கிடைக்கிறது. கட்டடப் படிமத்துக்கு இதைவிடக் கவர்ச்சியான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அக்கணக்கு தொடக்கத்திலேயே ஓர் இடறலைச் சந்திக்கிறது. இரண்டு ஆல்பாக்களும் ஒரு பிணைப்பும் கொண்டதாகக் கருதப்படும் பெரிலியம்-8 பிணைந்தே இருப்பதில்லை. தனித்தனி ஆல்பாக்களைவிட அதன் ஆற்றல் 0.09 மெகா எலக்ட்ரான் வோல்ட் உயர்ந்தது. எனவே நொடியின் மிக நுண்ணிய பின்னத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. மேலும், ஆல்பாவின் மின்னூட்ட ஆரம் 1.68 ஃபெம்டோ மீட்டர். கார்பன்-12இன் ஆரம் 2.47 ஃபெம்டோ மீட்டர் மட்டுமே. இவ்வளவு சிறிய இடத்தில் மூன்று ஆல்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் தனித்து நிற்க இடமில்லை. அடுக்கிய கல் தன் எல்லையை இழப்பதில்லை, ஆல்பா இழக்கிறது.

அதே கார்பன்-12இன் மற்றொரு நிலை வேறு கதை சொல்கிறது. விண்மீன்களில் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் கூடிக் கார்பன் உண்டாக வேண்டுமாயின் குறிப்பிட்ட ஓர் ஆற்றல்நிலை கார்பனில் இருந்தாக வேண்டும் என்று 1953இல் ஃபிரெட் ஹாயில் வாதிட்டார். 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள அந்நிலை பின்னர் ஆய்வகத்தில் உறுதிப்பட்டது. மூன்று ஆல்பாக்களாகப் பிரிவதற்கு வேண்டிய ஆற்றலைவிட அது 0.38 மட்டுமே உயர்ந்தது. கார்பனின் தாழ்நிலையைவிட அது மிகவும் விரிந்தும் தளர்ந்தும் உள்ளது என்று கணக்கீடுகள் காட்டுகின்றன. அத்தளர்ச்சியில் மூன்று ஆல்பாக்களும் தம் அடையாளத்தைப் பெரிதும் மீட்டுக்கொள்கின்றன. ஆறு புரோட்டான்களும் ஆறு நியூட்ரான்களும் கொண்ட அதே அணுக்கரு ஒரு நிலையில் ஒற்றைக்கல் போலவும் மற்றொரு நிலையில் கட்டடம் போலவும் அமைகிறது. ஆகவே எந்தப் படிமம் சரி என்று கேட்பது பொருந்தாது. எந்நிலையில் எது பொருந்தும் என்று கேட்பதே முறை.

4. கடற்கரை மணல் தரும் சான்று

மேற்கண்டவை இலேசான அணுக்கருக்கள். ஆல்பாச் சிதைவு நிகழ்வது பெரும்பாலும் கனமானவற்றில். அதற்குரிய சான்றும் இக்கடற்கரையிலேயே உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கல்பாக்கம் உள்ளது. அங்கு 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கப்பட்டது, 1985 முதல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று வழங்குகிறது. 1985 அக்டோபரில் தொடர்வினை நிலையை எட்டிய வேக ஈனுலையின் எரிபொருளில் புளூட்டோனியமும், 1996 அக்டோபரில் அந்நிலையை எட்டிய காமினி உலையில் யுரேனியம்-233உம் உள்ளன. இரண்டும் ஆல்பாவை வெளியிடுபவை. எனினும் உலைகள் வருமுன்பே இக்கரையில் ஆல்பாச் சிதைவு நடந்துகொண்டிருந்தது. இப்பகுதிக் கடற்கரை மணலில் ஆங்காங்கே மோனசைட் கனிமம் கலந்துள்ளது. அதில் தோரியம் உண்டு.

தோரியம்-232 ஆறு ஆல்பாச் சிதைவுகளையும் நான்கு பீட்டாச் சிதைவுகளையும் கடந்து காரீயம்-208 ஆக அமைதி பெறுகிறது. தொடரின் தலையில் உள்ள தோரியம்-232இன் ஆல்பா ஆற்றல் 4.0 மெகா எலக்ட்ரான் வோல்ட். அரை ஆயுட்காலம் 1,400 கோடி ஆண்டுகள். தொடரின் இறுதியை ஒட்டி வரும் பொலோனியம்-212இன் ஆல்பா ஆற்றல் 8.8 மெகா எலக்ட்ரான் வோல்ட். அரை ஆயுட்காலம் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 0.3 பங்கு. ஆற்றல் இரு மடங்கை ஒட்டி உயர, ஆயுள் 1க்குப் பின் 24 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுபடுகிறது. ஒரு பிடி மணலுக்குள் இவ்விரு எல்லைகளும் உடன் இருக்கின்றன.

இப்பெரும் ஏற்றத்தாழ்வுக்கான விதியைக் கைகரும் நட்டாலும் 1911இல் கண்டனர். காரணத்தை 1928இல் காமாவும், தனியே கர்னியும் காண்டனும் விளக்கினர். அணுக்கருவைச் சூழ்ந்த மின்விலக்கத் தடையைத் தாண்டும் ஆற்றல் இல்லாதபோதும் ஆல்பா அத்தடையை ஊடுருவிச் செல்லக் குவாண்டம் விதி இடம் தருகிறது. ஆற்றல் சிறிது கூடினும் ஊடுருவும் வாய்ப்பு பன்மடங்கு கூடும். இவ்விளக்கம் இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் பெருவெற்றிகளுள் ஒன்று. ஆனால் அது ஆல்பா உள்ளே உண்டு என்று கொண்டே தொடங்குகிறது. தடையை மோதும் துகள் எப்படி வந்தது என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பொலோனியம்-212 அவ்வெல்லையை வெளிப்படுத்துகிறது. அது மிக உறுதியான காரீயம்-208 அணுக்கருவும் மேலும் இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் கொண்டது. அந்நான்கும் தத்தம் தனிப்பாதையில் இயங்குகின்றன என்று கொண்டு சிதைவு வேகத்தைக் கணக்கிட்டால் விடை அளந்ததைவிட மிகக் குறைவாக வருகிறது. அவை எப்போதும் ஓர் ஆல்பாவாகவே உள்ளன என்று கொண்டாலும் பொருந்துவதில்லை. வார்கா, லோவாஸ், லியோட்டா ஆகியோர் 1992இல் இரு வகை இயக்கங்களையும் இணைத்துக் கணக்கிட்டபோது, பொலோனியம்-212 நிலையில் ஆல்பாக் கூறு ஏறத்தாழ 0.3 என்று பெற்றனர்.

இவ்வெண்ணே இக்கட்டுரையின் மையம். ஆல்பா உள்ளே இருந்ததா என்னும் வினாவுக்கு உண்டு என்பதும் இல்லை என்பதும் விடையல்ல, விடை 0.3. பத்து அணுக்கருக்களுள் மூன்றில் ஆல்பா இருந்தது என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஒவ்வோர் அணுக்கருவின் நிலையிலும் அவ்வளவு கூறு ஆல்பாத் தன்மை உடையது என்பதே பொருள். உமிழ்தல் என்னும் வினையால் இதனைத் தாங்க முடியவில்லை.

5. 'செறிந்த' என்னும் அடையின் சிக்கல்

இக்கூறு அணுக்கருவின் எப்பகுதியில் உருவாகிறது என்று கேட்டால் அடர்த்தியைப் பற்றிய பேச்சுக்கு வருகிறோம். கன அணுக்கருவின் நடுப்பகுதியில் ஒரு கன ஃபெம்டோ மீட்டருக்கு ஏறத்தாழ 0.16 நியூக்ளியான் உள்ளது. அன்றாட அளவில் கூறினால் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 27 கோடி டன். இவ்வடர்த்தியில் ஆல்பா நிலைப்பதில்லை. ஒரே வகைத் துகள்கள் இரண்டு ஒரே நிலையில் இருத்தல் ஆகாது என்னும் பவுலியின் விலக்குவிதியே காரணம். ஆல்பாவாக இறுகுவதற்கு நான்கு நியூக்ளியான்களுக்கும் வேண்டிய நிலைகளைச் சுற்றியுள்ளவை முன்பே பிடித்துக்கொண்டிருக்கின்றன. நிறைந்த பந்தியில் நால்வர் சேர்ந்து அமர இடம் கிடைக்காதது போன்றது இது. அடர்த்தி அதன் ஐந்தில் ஒரு பங்களவுக்குத் தாழும்போதுதான் ஆல்பா உருப்பெற இடம் உண்டாகிறது என்று ரோப்கே முதலியோரின் கணக்கீடுகள் காட்டுகின்றன. கன அணுக்கருவில் அத்தகைய இடம் அதன் புறப்பரப்பே.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஒசாகாப் பல்கலைக்கழக அணுக்கரு இயற்பியல் ஆய்வு மையத்தில் வெள்ளீயத்தின் 112, 116, 120, 124 ஆகிய ஓரிடத்தான்களைப் புரோட்டான் கற்றையால் தாக்கி, வெளிப்படும் ஆல்பாக்களை அளந்தனர். 2021இல் சயின்ஸ் இதழில் வெளியான அவ்வாய்வின்படி, நியூட்ரான் மிகுந்து புறத்தோல் தடிக்கத் தடிக்க ஆல்பாக்கள் கிடைக்கும் அளவு சீராகக் குறைகிறது. ஆல்பாக்கள் புறப்பரப்பில் உருவாகின்றன என்னும் கோட்பாட்டுக் கணிப்போடு அது ஒத்துச்செல்கிறது.

விண்மீன் வெடிப்பிலும் இதே நிலைதான். வெடிக்கும் விண்மீனின் உட்பகுதியில் அணுக்கரு அடர்த்திக்குக் குறைந்த பொருளில் நியூக்ளியான்களோடு ஆல்பாக்களும் கலந்திருக்கும். லாட்டிமர், ஸ்வெஸ்டி ஆகியோர் 1991இல் வகுத்த நிலைச்சமன்பாடு இலேசான திரள்கள் அனைத்துக்கும் சார்பாக ஆல்பாவையே கொண்டது. அப்பொருளின் அடர்த்தி உயர்ந்து அணுக்கரு அடர்த்தியை நெருங்கும்போது ஆல்பாக்கள் மறைந்துவிடுகின்றன.

இந்நிலையில் 'செறிந்த அணுக்கருப் பொருளில் ஆல்பாக் கொத்து' என்னும் தொடரைத் தமிழில் எவ்வாறு படிப்பது? செறிவு கூடினால் சேர்க்கையும் கூடும் என்று நம் மொழியுணர்வு கூறும். நெருக்கமும் கூட்டமும் நமக்கு ஒன்றே. ஆனால் இங்கு நெருக்கம் சேர்க்கையைக் குலைக்கிறது; தளர்ச்சி அதனை ஆக்குகிறது. மேலும், செறிந்த என்னும் அடை எதனோடு ஒப்பிட்டு என்பதைச் சொல்வதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் ஆராய்ந்த வெண்குறு விண்மீன்களையும் செறிந்த பொருள் என்கிறோம். அங்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு டன் என்னும் அளவில்தான் நிறை. அணுக்கருப் பொருள் அதனைப் போல் ஏறத்தாழ 27 கோடி மடங்கு. வெடிக்கும் விண்மீனின் பொருள் புவியில் உள்ளவற்றோடு ஒப்பிடச் செறிந்தது. அணுக்கருவோடு ஒப்பிடத் தளர்ந்தது. எனவே இப்பொருள் பற்றிய எந்தத் தமிழ்க் கட்டுரையும் அணுக்கரு அடர்த்தியை அளவுகோலாக வைத்து, அதில் எத்தனை பங்கு என்று கூறிய பின்னரே செறிவு, தளர்வு என்னும் சொற்களைக் கையாளுதல் வேண்டும்.

6. கொத்தும் திரளும்

ஆங்கிலத்தின் கிளஸ்டர் என்னும் சொல்லுக்குத் தமிழில் கொத்து, திரள், கூட்டம், தொகுதி எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. பூங்கொத்து, சாவிக்கொத்து என்னும்போது உறுப்புகள் எண்ணத்தக்கவை. காம்போ வளையமோ அவற்றைப் பிணைக்கிறது. கொத்திலிருந்து பிரித்தெடுத்தாலும் பூ பூவே, சாவி சாவியே. திரள் அவ்வாறன்று. அது வினையடியாகவும் வழங்கும் சொல். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைப் பழமொழி கூறுகிறது. தயிரில் வெண்ணெய் தனிப்பொருளாகக் காணப்படுவதில்லை. உரிய பதத்தில் கடையும்போது திரள்கிறது. சூடு ஏறினால் உருகிவிடுகிறது. உறுப்பு உள்ளே உண்டு, உரு பின்னர் அமைகிறது, அமைவது சூழலைப் பொறுத்தது என்னும் மூன்று கருத்துகளையும் இச்சொல் தானே சுமக்கிறது.

கொத்து என்னும் சொல்லுக்கு உரிய இடமும் உண்டு. அதுவும் கல்பாக்கத்திலேயே உண்டு. வேக ஈனுலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் போரான் கார்பைடு பயன்படுகிறது. போரான்-10 நியூட்ரானை ஏற்று லித்தியமாகவும் ஆல்பாவாகவும் பிரிகிறது. அந்த ஆல்பா இரண்டு எலக்ட்ரான்களை ஏற்று ஹீலியம் அணுவாகிறது. உலைச்சூழலில் பொருள்களுக்குள் இவ்வாறு சேரும் ஹீலியம் அணுக்கள் ஒன்றுகூடிக் குமிழிகளாகின்றன. உலைப்பொருள் ஆய்வாளருக்கு இக்குமிழிகள் முதன்மையான சிக்கல். அங்கு ஒவ்வொரு ஹீலியமும் தனியிருப்பு உடையது; சேர்ந்தாலும் பிரிந்தாலும் ஹீலியமே. அதனைக் கொத்து என்பது முற்றிலும் தகும். அணுக்கருவினுள் நிகழ்வதையும் அச்சொல்லாலேயே குறித்தால், உலோகத்தில் குமிழி இருப்பது போல அணுக்கருவினுள் ஆல்பா இருக்கிறது என்று வாசகர் கொள்வது இயல்பு.

ஆகவே அணுக்கருவினுள் நிகழ்வதைத் திரள்வு என்றும், அடர்த்தி கூடும்போது அது அழிவதைக் கரைவு என்றும், தனியிருப்புடைய அணுக்களின் சேர்க்கையைக் கொத்து என்றும் வரையறுக்கலாம். இதன் பயன் தொடரமைப்பிலும் தெரியும். அடர்த்தி குறையின் திரளும், கூடின் கரையும் என்று செயின் என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தால் நிபந்தனையை ஒரே தொடரில் சொல்லிவிட இயலும்.

இலக்கணப் பயிற்சி உடையோர்க்கு இதனை மேலும் எளிதாக விளக்கலாம். பூ, கொடி என்னும் இரு சொற்களும் புணர்ந்து பூங்கொடி ஆகும்போது இடையில் ஙகரம் தோன்றுகிறது. அந்த ஙகரம் நிலைமொழியிலும் இல்லை, வருமொழியிலும் இல்லை, புணர்ச்சியால் வந்தது. இதனைத் தோன்றல் விகாரம் என்கிறோமே அன்றிப் பூ என்னும் சொல் ஙகரத்தை உமிழ்ந்தது என்பதில்லை. இருப்பதன் வெளிப்பாட்டையும் சூழலால் வரும் தோற்றத்தையும் பிரித்துரைக்கும் வழக்கம் நம் மொழியிலேயே உண்டு. ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. ஙகரம் முழுவதும் புதிது; ஆல்பாவின் உறுப்புகள் பழையவை. புணர்ச்சியில் தோன்றல் உண்டு அல்லது இல்லை. அணுக்கருவில் அது 0.3 எனப் பின்னமாகவும் அமையும்.

7. இரு மறுப்புகள்

இரண்டு மறுப்புகளை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். முதலாவது, முன்னுருவாக்கம் என்னும் கருத்தே தேவையற்றது என்பது. ஆல்பாச் சிதைவை மிகவும் சமனற்ற ஓர் அணுக்கருப் பிளவாகக் காணும் மரபு ஒன்று உண்டு. 1980இல் சாண்டுலெஸ்கு, போயனாரு, கிரைனர் ஆகியோர் ஆல்பாவைவிடக் கனமான துகள்களும் தாமே வெளிப்படலாம் என்று கணித்தனர். 1984இல் ரோஸ், ஜோன்ஸ் ஆகியோர் ரேடியம்-223 கார்பன்-14ஐ வெளியிடுவதைக் கண்டனர். இத்துறையில் 1988இல் ஜி. சண்முகம், பி. கமலாகரன் ஆகியோர் முப்படி வடிவத் தடையைக் கொண்டு செய்த கணக்கீடு பிசிக்கல் ரிவ்யூ சி இதழில் வெளியானது. பிறர் முன்னுருவாக்கம் என்பதைப் பிளவு மரபினர் தடையின் உட்பகுதியைக் கடக்கும் வாய்ப்பாகக் கணக்கிடுகின்றனர்.

இம்மறுப்பு நம் கருத்தை வலுப்படுத்தவே செய்கிறது. அறிஞரிடையே இரு விளக்க மரபுகள் உள்ளபோது, ஒரு மரபின் முடிவை வினைச்சொல்லிலேயே பொதிந்து வைப்பது நடுநிலை ஆகாது. திரள்ந்து பிரிகிறது என்பதும், பிரியும்போதே திரள்கிறது என்பதும் தமிழில் எழுத இயன்ற இரு தொடர்கள். எதனை எழுதுகிறோம், ஏன் எழுதுகிறோம் என்று ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. பள்ளி மாணவருக்கு இவ்வளவு நுட்பம் தேவையா, நிலைபெற்ற சொல்லை மாற்றினால் குழப்பம் விளையாதா என்பது அது. இதில் நியாயம் உண்டு. ஆல்பாச் சிதைவு, உமிழ்தல் என்னும் சொற்களைக் களைய வேண்டும் என்று இக்கட்டுரை கோரவில்லை. தேர்வுத்தாளிலும் பாடநூலிலும் வேரூன்றிய சொற்களைத் தனி ஒருவர் விருப்பால் மாற்றுவது கலைச்சொல் வரலாற்றில் பயனற்ற வேலை என்பதும் தெரிந்ததே. பாடநூலின் வினாவை அடுத்து, "நான்கு நியூக்ளியான்களும் அணுக்கருவின் அடர்த்தி குறைந்த புறப்பரப்பில் ஆல்பாவாகத் திரளும் வாய்ப்பு உண்டு" என்னும் ஒரு தொடரைச் சேர்த்தாலே போதும். பட்ட வகுப்பிலும் ஆய்வேட்டிலும் மட்டும் கொத்து, திரள்வு என்னும் வேறுபாட்டைப் பேணலாம்.

முடிவுரை

தமிழ் அறிவியல் உரைநடை முடிபுகளைத் தெளிவாகச் சொல்லப் பழகிவிட்டது. எது, எவ்வளவு, யார் கண்டது என்னும் வினாக்களுக்கு அதனிடம் விடை உண்டு. எந்நிலையில் என்னும் வினாவுக்கே அது இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை. ஆல்பாத் துகள் அக்குறையைக் காட்டும் ஒரு சான்று. உமிழ்தல் என்னும் வினை அதனை முன்பே முடிந்த பொருளாக்குகிறது. கட்டடப் படிமம் அதனைக் கல்லாக்குகிறது. கொத்து என்னும் சொல் அதற்கு இல்லாத தனியிருப்பைத் தருகிறது. செறிந்த என்னும் அடை, அது கரையும் இடத்தையே அது பிறக்கும் இடமாகக் காட்டிவிடுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் அணு உலையும் ஆராய்ச்சி மையமும் தோரிய மணலும் அருகருகே உள்ளன. அங்குத் தமிழ்வழியில் பயிலும் மாணவர் ஒருவர் தம் ஊர் மணலில் நிகழ்வதைத் தம் மொழியில் பிழையின்றிப் புரிந்துகொள்ள உரிமை உடையவர். அதற்குப் புதிய சொற்களைப் படைக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. திரள், கரை, தோன்று என்னும் பழஞ்சொற்கள் இவ்வேலைக்குப் போதும். அவற்றை உரிய இடத்தில், உரிய நிபந்தனையோடு ஆளும் பொறுப்பு எழுதுவோரையும் கற்பிப்போரையும் சார்ந்தது. கதிரியக்கத்தின் பிற பகுதிகளையும், பிளவு, பிணைவு ஆகியவற்றுக்கு வழங்கும் வினைகளையும் இவ்வாறே ஒவ்வொன்றாக ஆராய்தல் அடுத்த பணியாகும்.